சார்ந்து கட்டியவர்கள்

2004 ஓகஸ்டில் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. இணையத்தின் ஊடாக ஒரு கணினி இன்னொரு கணினியிடம் வேலை வாங்க உதவும் ‘அப்பாச்சி’ என்ற திறந்த மென்பொருள் அமைப்பின் ‘அக்சிஸ்’ மென்பொருளை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேச, இலங்கையரும் வெளிநாட்டவரும் கூடியிருந்தார்கள். அங்கே வரைந்த வடிவமைப்பே ‘அக்சிஸ்2’ ஆயிற்று. 2006 மே மாதம் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. உலகம் முழுவதும் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் எடுத்துப் பயன்படுத்திய அந்த மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர்கள் இருபது வயதுகளில் இருந்த இந்நாட்டுப் பொறியியலாளர்கள்.

அந்நாளில் மன்னாருக்கு ரயில் இல்லை. தண்டவாளம் 1990இல் போனது, 2015இல்தான் தலைமன்னார் துறை வரை திரும்பி வந்தது. அந்தக் கூட்டம் நடந்த செய்தி எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு எட்டியிருக்காது. இன்று எங்கள் கணினி வகுப்பில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள்தான் என்பதை இந்த மலரில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இலங்கையின் திறந்த மென்பொருள் நிறுவனங்களின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழு கேட்டது. பரிசுகளையும் பதவிகளையும் அடுக்காமல், அந்த நிறுவனங்கள் நாள்தோறும் மல்லுக்கட்டிய ஒரே ஒரு வேலையின் வழியாக அதைச் சொல்லப் போகிறேன். பிறர் எழுதிய லைப்ரரிகளை எடுத்து, பல மொடியூல்களாகப் பிரிந்து கிடக்கும் ஒரு பெரிய மென்பொருளுக்குள் சேர்த்து, எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துப்போகும்படி வைத்திருப்பதே அந்த வேலை. மென்பொருள்காரர்கள் இதை டிபென்டென்சி என்பார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது சில்லறை வேலையாகத் தெரியும். ஆனால் இதைச் செய்யத் தெரிந்ததால்தான் இங்கே நிறுவனங்கள் நின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் 2003இல் தொடங்கியது. இலாப நோக்கமற்ற அமைப்பு. ஐபிஎம்மின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்த கலாநிதி சஞ்சீவ வீரவரண அதன் பின்னால் நின்றார். அதுவரை எமது நாட்டு மென்பொருள் கம்பெனிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் சொன்னதை எழுதிக் கொடுத்துக் கொண்டிருந்தன. இந்த அமைப்பு கேட்டது வேறு: உலகம் பயன்படுத்தும் அடிப்படை மென்பொருளை, அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தபடி, இங்கிருந்தே எழுத முடியாதா? மொரட்டுவைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அதற்குக் கைகொடுத்தார்கள். கூகுளின் ‘சம்மர் ஒஃப் கோட்’ திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே மிகுதியான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவை என்பது அதன் பின்விளைவு.

அக்சிஸ்2 ஒற்றை மென்பொருள் அல்ல. நடுவில் ‘கேர்னல்’ இருந்தது. தரவை ஜாவாப் பொருளாக மாற்றும் மொடியூல், நிரலைத் தானே எழுதித் தரும் மொடியூல், சோதனைகளுக்கான மொடியூல், எடுத்துக்காட்டுகள் என்று அதைச் சுற்றிப் பல. இவற்றுக்குக் கீழே ‘அக்சியோம்’, ‘எக்ஸ்எம்எல் ஸ்கீமா’, ‘நீதி’ என்ற தனி லைப்ரரிகள். மேலே பாதுகாப்புக்கு ‘ராம்பார்ட்’, செய்தி தவறாமல் போய்ச் சேர ‘சந்தேச’, பரிவர்த்தனைக்கு ‘கண்டுல’. இன்னும் மேலே ‘சினப்ஸ்’. நீதி, சந்தேச, கண்டுல ஆகியவை எங்கிருந்து வந்தவை என்பதைப் பெயர்களே சொல்லும்.

இந்த அடுக்கில் எதுவும் தனியாக நிற்கவில்லை. அக்சியோமுக்கு எக்ஸ்எம்எல் வாசிக்கும் ‘வுட்ஸ்டொக்ஸ்’ வேண்டும். ராம்பார்ட்டுக்கு ‘டபிள்யூஎஸ்எஸ்4ஜே’ வேண்டும். அதற்கு எக்ஸ்எம்எல் கையொப்ப லைப்ரரி வேண்டும். பல இடங்களில் ‘பவுன்ஸி காசில்’ என்ற மறைகுறியீட்டு லைப்ரரியும் கூடவே வரும். நீங்கள் ஒன்றைக் கேட்டால் அது நாலைக் கூட்டி வரும், அந்த நாலும் தமக்குரியவற்றைக் கூட்டி வரும்.

எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் வகுப்பில் எடுத்துச் சொல்வது பழைய ‘போட் மெயில்’. 1914இல் தொடங்கிய அந்தச் சேவையில் சென்னையில் ஏறியவருக்குக் கொழும்பு வரை ஒரே டிக்கெட். தனுஷ்கோடி வரை தென்னிந்திய ரயில்வே, அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் இருந்து இலங்கை அரசாங்க ரயில். பயணி கையில் வைத்திருந்தது ஒரு சீட்டு, ஆனால் அவர் பயணம் மூன்று தனித்தனி ஏற்பாடுகளை நம்பி இருந்தது. அங்கே மீற்றர் பாதை, இங்கே ஐந்தரை அடி அகலப் பாதை. எனவே கப்பலை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அந்தப் பெட்டிகள் இந்தத் தண்டவாளத்தில் ஓடியிருக்க மாட்டா. ஆட்களும் சாமான்களும் இறங்கி மாறித்தான் ஏற வேண்டும். 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கொழும்பிலும் சென்னை எழும்பூரிலும் ரயில் நிலையங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டு செல்லாததாயிற்று. பின்னர் இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது, 1984 வரை. தான் பார்த்தே இராத ஒன்றை ஒரு மென்பொருள் நம்பி இருக்க முடியும் என்பதையும், இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் அளவு பொருந்தாமல் போகும் என்பதையும் இந்த ஒரு கதையிலேயே பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

அக்சிஸ்2 தொடங்கிய காலத்தில் கையில் இருந்த கருவி ‘மேவன்’ முதல் பதிப்பு. ஜேசன் வான் ஸைல் தொடங்கிய அந்தத் திட்டம் 2004 ஜூலையில் 1.0 ஆனது. எந்த லைப்ரரி, எந்த வேர்ஷன் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுவே இணையத்தில் இருந்து இறக்கிக் கொள்ளும். அதற்கு முன்பு லைப்ரரிகள் அடங்கிய ஜார் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு, பெயரில் வேர்ஷன் எண்கூட இல்லாமல் ஆளுக்காள் நகலெடுத்துக் கொடுத்த நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். ஆனால் முதல் பதிப்புக்கு ஒரு குறை இருந்தது. நீங்கள் கேட்ட லைப்ரரி வேறு எதைக் கேட்கிறது என்பது அதற்குத் தெரியாது. அடுக்கின் அடி வரை உள்ள ஒவ்வொன்றையும் மனிதரே கண்டுபிடித்து, ஒவ்வொரு மொடியூலிலும் எழுத வேண்டும். பத்து மொடியூல்களில் ஒன்பதில் எண்ணை மாற்றிவிட்டுப் பத்தாவதை மறந்தால், ஓடும்போது எங்கோ ஒரு மூலையில் ‘அப்படி ஒரு மெதட் இல்லை’ என்று நிற்கும்.

2005 ஒக்டோபரில் மேவன் 2.0 வந்தது. கேட்டதற்குக் கேட்டது, அதற்குக் கேட்டது என்று முழுச் சங்கிலியையும் தானே தொடரும் வசதி அதோடு வந்தது. வேலை பாதியாயிற்று, சிக்கல் புதிய இடத்துக்குப் போயிற்று. ஒரே லைப்ரரியின் இரண்டு வேர்ஷன்களை இரண்டு பேர் கேட்டால் மேவன் எதை எடுக்கும்? புதியதை எடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி அல்ல. உங்கள் திட்டத்துக்கு எது குறைந்த படிகளில் கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுக்கும். இரண்டும் சம தூரமானால் கோப்பில் முன்னால் எழுதியது வெல்லும். ஒரு பழைய வேர்ஷன் இரண்டு படி தூரத்திலும் அதைவிடப் புதியது மூன்று படி தூரத்திலும் இருந்தால் பழையதே உள்ளே வரும். நிரல் பிழையின்றி பில்ட் ஆகும். புதியதை நம்பி எழுதிய மொடியூல் ஓடும்போதுதான் விழும். இதைத் தெரியாமல் நாட்கணக்கில் தங்கள் நிரலிலேயே பிழை தேடியவர்களை நான் அறிவேன்.

இதற்கு வழி தாய்ப் பொம் (POM) கோப்பு. எல்லா மொடியூல்களுக்கும் மேலே ஒரு தாய்க் கோப்பு வைத்து, அதில் லைப்ரரியின் பெயரையும் வேர்ஷனையும் ஒரே இடத்தில் எழுதுவது. பிள்ளை மொடியூல்கள் ‘எனக்கு இது வேண்டும்’ என்று மட்டும் சொல்லும். எண் சொல்ல மாட்டா. தாய்க் கோப்பில் எழுதிய எண், சங்கிலியில் எத்தனை படி தள்ளி வருவதையும் கட்டுப்படுத்தும். 2008இல் வந்த 2.0.9 பதிப்பில் இந்த எண் பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக வெளியிட்டு வேறு திட்டங்களும் இறக்கிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. இதையும் ‘பொம்’ (BOM) என்றே சொல்வார்கள், பொருட்பட்டியல் என்ற கருத்தில்.

இத்தனை இருந்தும் ஒரு வகைச் சிக்கலை மேவனால் பிடிக்க முடியாது. பவுன்ஸி காசில் லைப்ரரியை எழுதியவர்கள் ஜாவாவின் பதிப்புக்கு ஏற்ப அதன் பெயரின் வாலையே மாற்றி வந்தார்கள்: ஜேடிகே15, ஜேடிகே16, ஜேடிகே15ஒன், ஜேடிகே18ஒன். பெயர் மாறினால் மேவனுக்கு அது வேறு லைப்ரரி. எனவே ஒன்றைத் தள்ளி மற்றதை எடுக்காது; இரண்டையும் கொண்டு வந்து வைக்கும். உள்ளே வகுப்புகளின் பெயர்கள் எல்லாம் ஒன்றே. எது முதலில் ஏறும் என்பது கணினிக்குக் கணினி மாறலாம். எழுதியவரின் மேசையில் கையொப்பம் சரிபார்க்கப்படும், வாடிக்கையாளரின் சேர்வரில் விழும். இப்படிப்பட்ட இடத்தில் ‘டிபென்டென்சி ட்ரீ’ கட்டளையைப் போட்டு, திரையில் கிளை கிளையாக ஓடும் பட்டியலை வரி வரியாக வாசித்து, வேண்டாததை யார் கூட்டி வந்தாரோ அவருக்கு நேரே ‘எக்ஸ்குளூசன்’ எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. பொறுமையான வேலை. ராம்பார்ட் போன்ற பாதுகாப்பு மொடியூல்களோடு வாழ்ந்தவர்கள் இதில் தேர்ந்தார்கள்.

உரிமமும் ஒரு டிபென்டென்சிதான். மின்னஞ்சல், இணைப்புக் கோப்பு ஆகியவற்றுக்கான ஜாவா லைப்ரரிகள் சன் நிறுவனத்தின் உரிமத்தில் இருந்தன. அப்பாச்சித் திட்டங்கள் அவற்றை விரும்பியபடி சேர்த்து விநியோகிக்க முடியவில்லை. அப்பாச்சி ‘ஜெரோனிமோ’ திட்டம் அதே இடைமுகங்களைத் தனது உரிமத்தில் மீண்டும் எழுதிக் கொடுத்தது. அக்சியோமும் அக்சிஸ்2உம் அவற்றைப் பிடித்துக்கொண்டன. ‘நிரல் ஓடுகிறதே, போதாதா?’ என்று கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, எடுத்துப் பாவிக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டா என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை அப்பாச்சியே ஊட்டியது. திருட்டு சிடி கடைகளில் மென்பொருள் வாங்கிய நாட்டில் இது சிறிய மாற்றம் அல்ல.

ஒரு பதிப்பை வெளியிடுவதன் வரிசையைக் கேட்டால் வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும். அப்பாச்சியில் எந்தப் பதிப்பும் வாக்கெடுப்பு இல்லாமல் வெளிவராது. வழமையாக 72 மணித்தியாலம் திறந்திருக்கும். மேலாண்மைக் குழுவில் குறைந்தது மூவர் ஆம் என்று சொல்ல வேண்டும். இப்போது ராம்பார்ட்டில் ஒரு பிழை, அதன் வேர் அக்சியோமில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி நடக்கும்போது ‘ஸ்னப்சொட்’ என்ற தற்காலிக வேர்ஷனைச் சார்ந்து எழுதலாம். ஆனால் தற்காலிகமானதைச் சார்ந்து இறுதிப் பதிப்பு வெளியிட முடியாது, ஏனெனில் அது நாளைக்கே மாறிவிடும். எனவே முதலில் அக்சியோமுக்கு வாக்கெடுப்பு. பிறகு அதைச் சார்ந்த அக்சிஸ்2. பிறகு ராம்பார்ட்டும் சந்தேசவும். அதன் பிறகே சினப்ஸ். வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு நேரத்தில் விழித்திருப்பவர்கள். கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய திருத்தம், ஒழுங்காகப் போனாலும் வாரங்களைத் தின்னும். இந்தத் தாமதத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதை அந்த நிறுவனங்களின் பள்ளிக்கூடமாகவே பார்க்கிறேன். தனக்குக் கீழே இருப்பவரின் சம்மதத்தைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதும், தன்னை நம்பி மேலே ஒருவர் இருக்கிறார் என்பதும் அந்த இளைஞர்களுக்கு அங்கேதான் பழகியது.

வேறு பாதையிலும் போய்ப் பார்த்தார்கள். சி மொழியில் எழுதிய ‘அக்சிஸ்2/சி’க்கு மேவன் போன்ற வசதி கிடையாது. எக்ஸ்எம்எல் வாசிக்க ‘லிப்எக்ஸ்எம்எல்2’ என்ற புகழ்பெற்ற லைப்ரரியைச் சார்ந்தது. அதோடு நில்லாமல் ‘குத்தில’ என்ற தங்கள் சொந்த வாசிப்பானையும் இங்கேயே எழுதி மாற்றாக வைத்தார்கள். சொந்தமாக எழுதினால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அளவும் சிறியது. ஆனால் அதன் ஒவ்வொரு பிழைக்கும் நாமே பொறுப்பு. எழுதியவர் வேறு வேலைக்குப் போனால் பார்க்க ஆள் இல்லை. 2009இல் 1.6.0 வந்ததோடு அந்தத் திட்டத்தின் வேகம் அடங்கிவிட்டது. சொந்தமாக எழுதுவது சார்பை நீக்காது, அதைச் சொந்த ஆட்களின் மேல் வைக்கும்.

2004 டிசெம்பர் 26 சுனாமி வந்தபோது அதே வட்டத்தில் இருந்தவர்கள் இரவு பகலாக எழுதியதுதான் ‘சஹன’. காணாமற் போனோர், முகாம்கள், உதவி வழங்கும் அமைப்புகள், தேவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மொடியூல். மன்னார்க் கரையைச் சுனாமி மற்றக் கரைகளைப் போல அடிக்கவில்லை. முல்லைத்தீவையும் கிழக்கையும் தெற்கையும் அது என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சஹன பீஎச்பீயில் எழுதப்பட்டது. அதன் பிற்காலப் பதிப்பில் மூன்றாம் தரப்பு லைப்ரரிகளை எல்லாம் ஒரு தனிக் கோப்புறையில் உள்ளேயே வைத்து விட்டார்கள். மேவன் வழியில் பழகியவருக்கு இது பழைய பழக்கமாகத் தோன்றும். ஆனால் பேரிடர் நடந்த ஊரில் இணையம் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஒரு சிடியைப் போட்டால் மென்பொருள் முழுதாக எழும்ப வேண்டும். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போனது. 2006ஆம் ஆண்டின் சமூக நன்மைக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கே வழங்கியது. எங்கே பாவிக்கப் போகிறோம் என்பதைப் பார்த்தே டிபென்டென்சியை வெளியில் விடுவதா உள்ளே வைப்பதா என்று தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இதுதான்.

2005இல் சஞ்சீவ வீரவரண, டவனம் ஸ்ரீனிவாஸ், போல் ஃபிரிமன்டில் ஆகியோர் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அக்சிஸ்2, சினப்ஸ் ஆகியவற்றின் மேல் கட்டி விற்கும் வணிக நிறுவனம். மூல நிரல் திறந்தே இருந்தது. சில ஆண்டுகளில் தயாரிப்புகள் பெருகின. ஒவ்வொன்றிலும் பயனர் கணக்கு, பாதுகாப்பு, முகாமைத் திரை என்று அதே பகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைப் பொதுவாகப் பிரித்தெடுத்து 2009இல் ‘கார்பன்’ என்ற அடித்தளத்தைக் கொண்டு வந்தார்கள். ஓஎஸ்ஜீஐ என்ற முறைமை அதன் முதுகெலும்பு. அதில் ‘பண்டில்’ எனப்படும் ஒவ்வொரு பொதியும் தனக்கு என்ன வேண்டும், எந்த வேர்ஷனில் இருந்து எந்த வேர்ஷன் வரை ஏற்கும் என்று தன் நெற்றியிலேயே எழுதியிருக்கும். ஒரே லைப்ரரியின் இரண்டு வேர்ஷன்கள் ஒரே நேரத்தில் ஒரே மென்பொருளுக்குள் சண்டை இல்லாமல் வாழலாம்.

ஆனால் உலகத்து லைப்ரரிகளில் பெரும்பாலானவை ஓஎஸ்ஜீஐ முறையில் எழுதப்பட்டவை அல்ல. எனவே ‘ஓர்பிட்’ என்று ஒரு பகுதியைத் திறந்து, வெளி லைப்ரரி ஒவ்வொன்றையும் எடுத்து, தேவையான தலைப்பு விவரங்களை எழுதிப் புதிதாகப் பொதி கட்டி வெளியிட்டார்கள். வேர்ஷன் எண்ணுக்குப் பின்னால் ‘டபிள்யூஎஸ்ஓ2வி1’ என்று ஒரு வால் சேரும். தங்கள் தேவைக்காகத் திருத்திய அக்சிஸ்2உம் அப்படித்தான்: 1.6.1 என்ற எண்ணின் வால் வி10ஐயும் தாண்டிப் போனது. அந்த வாலின் எண்ணைப் பார்த்தே அப்பாச்சியின் மூலத்தில் இருந்து எத்தனை தடவை விலகி இருக்கிறார்கள் என்று அறியலாம். வாடிக்கையாளருக்கு அவசரத் திருத்தம் கொடுக்க இது உதவியது. விலையும் இருந்தது. மூலத்தில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் தாங்களே சுமந்து கொண்டுவர வேண்டும்.

முதலில் கார்பனின் எல்லா மொடியூல்களும் ஒரே பெரிய நிரல் மரத்தில் இருந்தன, முழுத் தளமும் ஒன்றாக வெளியானது. ஒரு சிறு பகுதியில் திருத்தம் என்றாலும் முழு மரத்தையும் பில்ட் செய்து பார்க்க வேண்டிய நிலை. பின்னர் கிட்ஹப்பில் தனித்தனி ரிப்போக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வேர்ஷன் கொடுத்தார்கள். பில்ட் வேகமாயிற்று, எந்த எண் எந்த எண்ணோடு பொருந்தும் என்று நினைவு வைக்கும் வேலை கூடிற்று. ஒரே மரமா, பல மரங்களா என்ற வாதம் உலகத்தில் இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், ஆட்கள் ஒரே அறையில் இருக்கும் வரை ஒரே மரம் நல்லது.

இந்த வேலையின் அருமை வெளியுலகத்துக்கு விளங்கியது இரண்டு நிகழ்ச்சிகளால். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்து ஒரு நிரலாளர் தன் ஆக்கங்களை எல்லாம் அகற்றினார். அதில் ஒன்று ‘லெஃப்ட்பேட்’. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரி. அதை எங்கோ அடியில் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்களின் பில்ட் அன்று நின்றது. 2021 டிசெம்பரில் வந்தது இன்னும் பெரியது. ஜாவா மென்பொருள்கள் நடந்ததைக் குறித்து வைக்கப் பாவிக்கும் ‘லொக்4ஜே’யின் இரண்டாம் தலைமுறையில், வெளியில் இருந்து அனுப்பும் ஒரு வரியைப் பதிவேட்டில் எழுத வைத்தாலே சேர்வரைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை தெரிய வந்தது. ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து. 2.15.0 திருத்தம் போதவில்லை, 2.16.0 வந்தது, 2.17.0 வந்தது, எல்லாம் அந்த ஒரே மாதத்துக்குள். பாதிக்கப்பட்ட பெரும்பாலான திட்டங்கள் லொக்4ஜேயை நேராகக் கேட்டவை அல்ல. அவை கேட்ட ஒன்று கேட்டதால் வந்தது. அந்த வாரம் உலகம் முழுவதும் முகாமையாளர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: ‘எங்களிடம் அது இருக்கிறதா?’ தாய்ப் பொம் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் ஒரு வரியை மாற்றி மறுபடி பில்ட் செய்தார்கள். மற்றவர்கள் சேர்வர் சேர்வராக ஜார் கோப்புகளைத் திறந்து தேடினார்கள்.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன்.

மேவனைப் புதிதாக நிறுவிய கணினியில் ஒரு சிறு திட்டத்தை முதன்முதலாக பில்ட் செய்யும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் இறங்கும். நகரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. இங்கே ஒரே இணைப்பில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும். அப்போது இன்னொன்று நடக்கும். இறங்காமல் போன கோப்பைப் பற்றி ‘.எம்2’ கோப்புறையில் மேவன் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடும். இணைப்பு திரும்ப வந்த பிறகும், அந்தக் குறிப்பைப் பார்த்து, மீண்டும் முயலாமலே ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும். பிள்ளை தன் நிரலில் பிழை என்று நினைத்து அழுத முகத்தோடு வரும். பெரிய ‘யூ’ எழுத்தைக் கட்டளையோடு சேர்த்தால் மறுபடி தேடும், அல்லது அந்தக் கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்கலாம் என்று சொல்லிக் கொடுப்பதே எங்கள் இரண்டாம் வாரப் பாடம்.

நிரந்தர வழி வேறு. வகுப்பின் பழைய கணினி ஒன்றில் ‘நெக்சஸ்’ களஞ்சியத்தை நிறுவி, எல்லோருடைய மேவனும் முதலில் அதையே கேட்கும்படி வைத்தோம். ஒரு பிள்ளைக்காக ஒரு முறை இறங்கியது மற்றவர்களுக்கு அறைக்குள்ளேயே கிடைக்கிறது. வீட்டில் இணையம் இல்லாதவர், வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே இறக்கும் ‘கோ ஒஃப்லைன்’ கட்டளையைப் போட்டு, கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்துப் போகிறார். கொழும்பு நிறுவனங்கள் தங்களுக்கென்று களஞ்சியம் வைத்திருப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

மூத்த பிள்ளைகளுக்குப் பயிற்சித் திட்டமாகக் கொடுத்தது மீனவர் சங்கம் ஒன்றுக்கான பதிவேடு. படகுப் பதிவு, பிடிபட்ட மீன் கணக்கு, அறிக்கை என்று மூன்று மொடியூல்கள், மேலே ஒரு தாய்ப் பொம். முதல் இரண்டும் எளிதாக முடிந்தன. அறிக்கையைத் தமிழில் பிடிஎஃப் ஆக அச்சிடும்போது ‘பேசாலை’ உடைந்து வந்தது. ஏகாரத்தின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. லகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி பின்னால் தொங்கியது. ‘வங்காலை’யும் ‘தலைமன்னார்’உம் அப்படியே. எழுத்துருவை மாற்றிப் பார்த்தார்கள், மாறவில்லை. காரணம் டிபென்டென்சியில் இருந்தது. அறிக்கைக் கருவி அடியில் ‘ஐடெக்ஸ்ட்’ 2.1.7ஐக் கூட்டி வந்திருந்தது. குறிகளைத் தமிழ் முறைப்படி இடம் மாற்றி அமைக்கும் திறன் அதற்கு இல்லை. எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும்.

புதிய ஐடெக்ஸ்டுக்குப் போவோம் என்று ஒரு பிள்ளை 5ஆம் பதிப்பைச் சேர்த்தாள். உடனே இரண்டும் உள்ளே வந்தன, ஏனெனில் 5இல் அதன் குழுப் பெயர் மாறியிருந்தது. மேவன் இரண்டையும் வேறு வேறாகவே பார்த்தது. அதோடு 5இல் இருந்து அதன் உரிமம் ஏஜீபீஎல். சங்கத்துக்குக் கொடுக்கும் மென்பொருளில் அதன் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட நாங்கள் தயாரா என்று இருந்து யோசிக்க வேண்டி வந்தது. அப்படி மாறினாலும் அந்தப் பதிப்பும் தமிழைச் சரியாக அமைப்பதில்லை. இருபது ஆண்டுக்கு முன் கொழும்பில் பெரியவர்கள் மோதிய மூன்று சுவர்களிலும், பெயர் மாற்றம், உரிமம், அடியில் இருந்து வரும் பிழை என்று, இந்தப் பிள்ளைகள் ஒரே கிழமையில் மோதினார்கள். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முடிவில் பழைய ஐடெக்ஸ்டின் திறந்த வழித்தோன்றலான ‘ஓப்பன்பிடிஎஃப்’ஐ எடுத்தோம். எழுத்தமைப்பை ஜாவாவின் சொந்த அமைப்பானிடம் ஒப்படைக்கும் வசதி அதில் உண்டு. ஜாவா 9இல் இருந்து அந்த அமைப்பானின் அடியில் இருப்பது ‘ஹார்ஃப்பஸ்’. உங்கள் கைப்பேசியில் தமிழ் சரியாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். பிடிஎஃப் லைப்ரரியை அறிக்கை மொடியூல் ஒன்றுதான் அறியும்படி எல்லை போட்டோம். மற்ற இரண்டும் அதன் பெயரையே அறியா. நாளைக்கு வேறொன்றுக்கு மாறினாலும் படகுப் பதிவில் ஒரு வரி மாறாது. வேர்ஷன் எண் தாய்ப் பொம்மில் ஒரே இடத்தில் இருக்கிறது, எதற்காக இதை எடுத்தோம் என்ற இரண்டு வரிக் குறிப்போடு. பேசாலை, வங்காலை, தலைமன்னார் என்ற மூன்று பெயர்களையும் அச்சிட்டு, சரியான படத்தோடு ஒப்பிடும் ஒரு சோதனையை அந்தப் பிள்ளையே எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு பில்டிலும் அது ஓடுகிறது. எண்ணை மாற்ற விரும்பும் எவரும் முதலில் அந்தச் சோதனையைக் கடக்க வேண்டும். ஓப்பன்பிடிஎஃப் திட்டத்துக்கும் அதே சோதனையை அனுப்பி வைப்பது அடுத்த தவணையின் வேலை.